மில் சங்கு நின்ற ஊரிலிருந்து: உற்பத்தி, அறிவு, அயல்நாட்டு வணிகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியாங்குப்பத்தில் மாலை நேரங்களில் பிளஸ் டூ, பி.காம். பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கேட்பதைவிட, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பவைதான் அதிகம். "சார், நம்ம ஊர்ல மில்லெல்லாம் மூடிட்டாங்க, எல்லாம் சைனாவுலேர்ந்து வருது. இதுங்க படிச்சு என்ன ஆகப்போகுதுங்க?" என்பதில் தொடங்கி எங்கெங்கோ போகும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய், இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

உற்பத்திப் பொருளாதாரம், அறிவுசார் பொருளாதாரம் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பாடப் புத்தகம் எளிதாகச் சொல்லிவிடும். ஆலையில் பொருளைச் செய்து விற்று வாழ்கிற ஊர் உற்பத்திப் பொருளாதாரம். வடிவமைப்பு, மென்பொருள், மருத்துவம், கல்வி, ஆராய்ச்சி, நிதி என்று தலையில் இருப்பதை விற்று வாழ்கிற ஊர் அறிவுசார் பொருளாதாரம். தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

எனக்கு இந்தப் பிரிவில் பாதி நம்பிக்கைதான். என் அப்பா இங்கே ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தார். ஒருமுறை பள்ளிச் சுற்றுலா மாதிரி எங்களை உள்ளே விட்டார்கள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அப்பா திடீரென்று தலையைச் சாய்த்தார். மூன்று வரிசை தள்ளிப் போய் ஒரு தறியை நிறுத்தினார். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. சத்தம் மாறியதாம். அவர் படித்தது ஐந்தாவது. இதைக் கைவேலை என்பதா, அறிவு என்பதா? மில் மூடியபோது இயந்திரங்களை ஏலம் விட ஆள் இருந்தது. அந்தக் காதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

புதுச்சேரி இதில் எந்த வகை?

இரண்டுமாக இருந்து பார்த்துவிட்டது. இன்று பெரும்பாலும் சேவைதான்: 1964 முதல் ஜிப்மர், 1985 முதல் மத்தியப் பல்கலைக்கழகம், வரிசையாகத் தனியார் மருத்துவக் கல்லூரிகள், அப்புறம் சனி ஞாயிறு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் சுற்றுலாக் கூட்டம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உழைப்பை வெளிநாட்டுக்கு விற்று ஊரில் செலவழிப்பதும் அயல்நாட்டு வணிகம்தான்.

அதற்கு முன்னால் இது நெசவு ஊர். அதற்கும் முன்னால், நான் இருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரிக்கமேட்டில், கண்ணாடி மணி செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். 1945-ல் மார்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கண்ணாடியைக் குழலாக இழுத்து மணியாக நறுக்கும் அந்த நுட்பத்தை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை செய்துவந்தார்கள். அரிக்கமேட்டில் மேடு மட்டும் இருக்கிறது.

மில்கள் மூடியதற்கு வெளிநாட்டுப் போட்டிதானே காரணம்?

அப்படிச் சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் இந்த மில்களைப் பிறப்பித்ததும் வெளிநாட்டு வணிகம்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பெரிய சரக்கு 'கினி' துணி. அவுரிச் சாயத்தில் முக்கியெடுத்த கருநீலப் பருத்தித் துணி. இங்கே யாரும் பெரிதாக உடுத்தியதில்லை. அது கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரைக்குப் போகும். அங்கே பாலைவன வணிகர்கள் கருவேலம் பிசின் கொடுத்து வாங்குவார்கள். பிசின் பிரான்சின் துணி ஆலைகளுக்குப் போகும். பிரான்சில் ரூவான் நகரத்து ஆலைகள் இதே துணியைப் போலி செய்து மலிவாக அனுப்பிப் பார்த்தன. அந்த வணிகர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்த்து, நம் ஊர்த் துணிதான் வேண்டும் என்றார்கள். விலையில் தோற்றும் தரத்தில் ஜெயித்த கதை இது. எங்கள் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

அந்தத் தேவையை நம்பித்தான் சவானா மில் வந்தது, கெப்ளே மில் வந்தது, 1898-ல் ரோடியர் மில் வந்தது (பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி.). 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ.சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டங்களின் முடிவில் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. ஆலைத் தொழிலின் இன்னொரு விளைச்சல் இது. ஆயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழே ஒரே சங்குக்கு வந்துபோனால் சங்கம் அமைவது இயல்பு. ஆளுக்கொரு அறையில் லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று என் மாணவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, மூடியது ஏன்? ஆப்பிரிக்கச் சந்தை கை நழுவியது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனதும் பிரெஞ்சுக் காலனிகளின் சலுகைச் சந்தை என்ற முதுகெலும்பும் போனது. உள்நாட்டில் விசைத்தறி, பெரிய மில்லைவிட மலிவாக நெய்தது. இயந்திரங்கள் பழசாயின, மாற்ற முதல் போட ஆளில்லை. எண்பதுகளில் அரசு எடுத்து நடத்தியது, நட்டத்தோடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைகளைப் பிய்த்தது. 2020 ஏப்ரல் 30-ல் ஏ.எஃப்.டி. முறைப்படி மூடப்பட்டது. இத்தனை காரணங்களில் சீனா எங்கே இருக்கிறது? ஓர் ஓரத்தில் இருக்கிறது. விசைத்தறி ஈரோட்டிலும் சேலத்திலும் இருந்தது.

அப்படியானால் அயல்நாட்டு வணிகத்தால் எல்லோருக்கும் நன்மை என்று ரிக்கார்டோ சொன்னது சரியா?

டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1817-ல் ஒரு கணக்குப் போட்டார். குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேர் வேண்டும், மது தயாரிக்க 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல் கெட்டிக்காரன். ஆனாலும் போர்ச்சுகல் மதுவை மட்டும் செய்து இங்கிலாந்திடம் துணி வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். 80 பேர் உழைப்பில் செய்த மதுவைக் கொடுத்து, தானே செய்தால் 90 பேர் தேவைப்படும் துணியை வாங்கிவிடுகிறானே.

கணக்கு சரி. கடலூர் சந்தைக்கு வந்தாலும் இதையே பார்க்கலாம்: நன்றாகத் தைக்கத் தெரிந்த டாக்டரும் தையல்காரரிடம்தான் சட்டை கொடுப்பார். ஆனால் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. போர்ச்சுகலில் துணி நெய்துகொண்டிருந்த 90 பேர் மறுநாள் காலை திராட்சைத் தோட்டத்தில் நிற்பார்கள் என்று அது வைத்துக்கொள்கிறது. மில் இருந்த முதலியார்பேட்டையில் நாற்பத்தைந்து வயதில் வேலை போன நெசவாளி மறுநாள் ஜிப்மரில் லேப் டெக்னீஷியனாக நிற்க முடியுமா? என் அப்பா நிற்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தார். பணிக்கொடை மூன்று தவணையாக, நான்கு வருஷம் இழுத்து வந்தது.

சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 2000-ல் அங்கே ஆலைத் தொழிலில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் இருந்தார்கள். 2010-ல் சுமார் 1 கோடியே 15 லட்சம். இயந்திரமயமும் 2008 நெருக்கடியும் இதில் சேர்த்திதான். ஆனாலும் ஆட்டர், டார்ன், ஹான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013-ல் எழுதிய ஆய்வு, சீன இறக்குமதியின் அடி நாடெங்கும் பரவாமல் குறிப்பிட்ட சில ஊர்களின் தலையில் இறங்கியதையும் அந்த ஊர்கள் எழுந்திருக்கவே திணறியதையும் காட்டியது. மலிவு விலை நாட்டில் எல்லோருக்கும் கிடைக்கிறது, ஆளுக்குச் சில டாலர். வேலை போவது ஒரு தெருவில் எல்லோருக்கும் போகிறது.

எங்கள் பக்கம் பண்ருட்டி. முந்திரி நம்மிடமே விளைகிறது. அதை ஏன் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியை எனக்குப் பிடிக்கும். மொத்தப் பாடமும் இதற்குள் இருக்கிறது.

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் வீட்டுக்கு வீடு கொட்டை உடைக்கிற வேலை உண்டு. அந்த வேலைக்கு வருஷம் முழுக்கக் கொட்டை வேண்டும். நம் தோப்பில் விளைவது சில மாதங்களுக்கு மேல் தாங்காது. தானே புயலில் விழுந்த மரங்கள் மறுபடி காய்க்கவும் வருஷக்கணக்கில் ஆயிற்று. அதனால் ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து, லாரியில் பண்ருட்டி வருகிறது. உலகிலேயே அதிகமாக முந்திரி விளைவிக்கும் ஐவரி கோஸ்ட், அதில் பெரும்பகுதியை ஓட்டோடுதான் விற்கிறது. ஏன்? உடைக்கத் தெரிந்த கை அங்கே குறைவு.

அந்தக் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதற்காக உள்ளங்கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வார்கள். வேகவைத்த கொட்டையை நிறுத்தி, ஓர் அடி. ஓடு இரண்டாகப் பிளக்க வேண்டும், பருப்பில் கீறல் விழக் கூடாது. ஏனென்றால் விலை முழுப்பருப்புக்குத்தான். பாதியானால் ஒரு விலை, குருணையானால் இன்னும் கீழே. ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 180 பருப்பு நின்றால் அது டபிள்யூ 180, உயர்ந்த ரகம். 320 நின்றால் டபிள்யூ 320, கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. நாலு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பு. அந்த ஒரு கிலோவில் எத்தனை முழுசு என்பதில்தான் முதலாளியின் லாபமும் நட்டமும்.

இவ்வளவு திறமை இருந்தும் பருப்பு ஏற்றுமதியில் முதலிடம் நம்மிடமிருந்து வியட்நாமுக்குப் போய்விட்டது, 2006 வாக்கில். அவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் கொட்டை வாங்கித்தான் உடைக்கிறார்கள். வித்தியாசம் ஒன்று. அவர்கள் உடைக்கும் இயந்திரத்தையும் தோல் உரிக்கும் இயந்திரத்தையும் தாங்களே செய்தார்கள், திருத்தித் திருத்தி மேம்படுத்தினார்கள். நாம் கையை நம்பினோம், கூலி மலிவை நம்பினோம். பண்ருட்டியிலும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் பல ஆண்டுகள் முன்னால் ஓடியவனைப் பிடிக்க வேண்டும்.

இறக்குமதி கொட்டைக்கு வரியைக் கூட்டச் சொல்வது தோப்புக்காரர்; குறைக்கச் சொல்வது ஆலைக்காரர். இருவரும் ஒரே டீக்கடையில் டீ குடிப்பவர்கள். "நாட்டுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு பெஞ்சில் எதில் உட்கார்ந்து சொல்கிறார் என்று பாருங்கள்.

பொருளைச் செய்பவனுக்குப் பணம் குறைவு, யோசிப்பவனுக்கு அதிகம் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஏசர் கம்ப்யூட்டர் நிறுவனர் ஸ்டான் ஷி 1992 வாக்கில் இதைச் சிரிக்கும் வாய் மாதிரி ஒரு வளைகோடாக வரைந்தார். இடது உச்சியில் ஆராய்ச்சி, வடிவமைப்பு. வலது உச்சியில் பிராண்ட், விற்பனை. நடுவில் பள்ளத்தில் பாகங்களைப் பூட்டும் வேலை. 2005-ல் வந்த ஆப்பிளின் ஒரு ஐபாடின் (பாட்டுக் கேட்கும் கருவி) கடை விலை 299 டாலர். அதை ஆராய்ந்தவர்கள் போட்ட கணக்கில், சீனாவில் பூட்டிய கூலி நாலு டாலர் அளவுதான். ஆப்பிளுக்குச் சுமார் 80 டாலர்.

எங்கள் ஊரிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். லெனோவோ இங்கே பல வருஷமாகக் கம்ப்யூட்டர் பூட்டுகிறது. 2024 செப்டம்பரில், புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்கள் செய்யப்போவதாக அறிவித்தது. நல்ல செய்திதான். அதே அறிவிப்பில் ஆராய்ச்சிக் கூடம் பெங்களூருக்குப் போனது. வளைகோட்டின் பள்ளம் எங்களுக்கு, உச்சி அவர்களுக்கு.

புதுச்சேரிக்கு ஒரு காலத்தில் நிறைய கம்பெனி வந்ததே, இப்போது ஏன் குறைவு?

வரிச் சலுகைக்காக வந்தவை நிறைய. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்டுகள் அப்படி நிரம்பின. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும், பொருள் செய்யும் இடத்தில் வரி என்பது போய் விற்கும் இடத்தில் வரி என்றாகிவிட்டது. சலுகைக்காக வந்தவர்கள் அதற்குமேல் தங்க வேறு காரணம் வேண்டாமா?

அப்படியானால் அறிவை மட்டும் வைத்துக்கொண்டு, செய்யும் வேலையை மலிவான இடத்துக்கு விட்டுவிடலாமே?

இதற்குப் பதில் கடலூர் பக்கம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டு 1830-களில் அங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமம், காட்டு மரக்கரி. இரும்பு இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டு வரை போயிற்று. மரக்கரி தட்டுப்பாடும், நிலக்கரியில் உருக்கிய இங்கிலாந்து இரும்பின் மலிவும் சேர்ந்து ஆலையை நசுக்கின. அது அப்போதைய "சைனா சாமான்".

ஹீத் சோர்ந்துபோகவில்லை. இங்கிலாந்து போய், உருக்கில் மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு கலவையைப் போட்டால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைய மொழியில் சொன்னால், உற்பத்தியிலிருந்து அறிவுக்கு மாறிவிட்டார். ஷெஃபீல்டில் எஃகு காய்ச்சியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கலவையாகப் போடாமல் மாங்கனீசைத் தனியாக, கரியைத் தனியாகப் பானையில் போட்டார்கள். உள்ளே அவை தானாகச் சேர்ந்துகொண்டன. "உம்முடைய காப்புரிமை கலவைக்குத்தானே" என்று சொல்லி உரிமைத்தொகை தர மறுத்துவிட்டார்கள். அவருடைய சொந்த ஏஜென்ட்டே அதில் முன்னால் நின்றார். வழக்காடியே 1851-ல் ஹீத் இறந்தார்; அதன் பிறகும் வழக்கு நடந்தது. தினமும் பானையைக் கிண்டுகிறவனுக்குத் தோன்றிய சுருக்கு வழி, காகிதத்தோடு இருந்தவருக்குத் தோன்றவில்லை.

அமெரிக்கா இப்போது சிப் ஆலைகளை மறுபடி தன் மண்ணில் கட்டப் பணத்தைக் கொட்டுவதும் இந்தக் கவலையில்தான். வரைபடம் கலிஃபோர்னியாவில் இருந்தாலும், அதைச் செய்யத் தெரிந்த கை தைவானில் இருக்கிறது.

இறக்குமதிக்கு வரி போட்டு அடைத்துவிட்டால் என்ன?

குழந்தைத் தொழிலுக்குக் கொஞ்ச காலம் தொட்டில் கட்டலாம்; கொரியாவும் கட்டியது. ஆனால் அங்கே சலுகை வாங்கியவன் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டியிருந்தது. நாம் பல தொழில்களைத் தொட்டிலிலேயே கிழவனாக்கினோம்.

வரி வந்தால் எப்படி வலிக்கும் என்பதை 2025-ல் பார்த்தோம். ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூர் பனியனும் இறால் பண்ணையும் தவித்தன. செல்போனுக்கு விலக்கு இருந்தது. சென்னையிலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைக்குக் கணக்கு எழுதும் பெண்ணின் வேலைக்கு வரியே இல்லை. அது கேபிளில் போகிறது. துறைமுகத்தில் நிறுத்தி எடைபோட முடியாது. 2023-24-ல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலர், சேவை ஏற்றுமதி சுமார் 34,100 கோடி டாலர். இரண்டாவதில் கிடைத்த வேலைகள் முதலாவதைவிட மிகக் குறைவு. பத்தாவது படித்தவனுக்கு அதில் இடம் கிடையாது. நம் நாட்டின் சிக்கலே அதுதான்.

கடலூர் சிப்காட் மாதிரி ஆலை வந்தால் வேலை கிடைக்கும், ஆனால் காற்றும் தண்ணீரும் கெடுகிறதே?

சாயம், மருந்து மூலப்பொருள், பூச்சிமருந்து ஆகியவற்றின் விலையில் ஒரு பகுதியை உப்பனாற்றங்கரை ஊர்கள் கட்டுகின்றன. அது ஏற்றுமதி ரசீதில் வராது. பணக்கார நாடுகளில் காற்று சுத்தமானதற்கு அவர்களுடைய சட்டம் ஒரு காரணம். அந்த வேலையை நம் பக்கம் தள்ளிவிட்டது இன்னொரு காரணம். ஆலையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் கிணறு வைத்திருந்தால் ஒருவேளை சொல்வேன்.

என் பையனை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, கம்ப்யூட்டர் படிக்க வைப்பதா?

இதுதான் கடைசியில் எல்லோரும் கேட்பது. என்னிடம் படித்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவன் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு விண்ணப்பங்களைச் சரிபார்த்தான். அந்த வேலையைப் போன வருஷம் ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டது. இன்னொருவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். போன மாதம் வந்தபோது நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்து காட்டினான். நம் தோப்புக் கொட்டையும் ஆப்பிரிக்கக் கொட்டையும் ஒரே அளவில் இல்லை, ஒரே பிளேடில் போட்டால் குருணை அதிகமாகிறது, இடைவெளியை இப்படி மாற்றினால் சரியாகும் என்கிறான். லேத்தில் ஒன்று செய்து பார்க்க முப்பதாயிரம் ஆகுமாம். முதலாளி யோசிக்கிறார். படத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.